காலிழந்தவருக்கும் களம் உள்ள விளையாட்டு

முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால் பொருத்தி நடப்பவன் நான். விளையாட்டு என்றதும் எங்களைப் போன்றவர்களைப் பார்வையாளர் கதிரையில் இருத்திவிடுவதே வழமை. கிரொஸ்பிட் அந்த வழமையிலிருந்து விலகியது என்பதால் அதைப் பற்றி அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

பளுதூக்கல், ஜிம்னாஸ்டிக், ஓட்டம், இயந்திரத்தில் துடுப்பு வலித்தல் எனப் பலவற்றைக் கலந்து, குறுகிய நேரத்தில் கடும் வேகத்தில் செய்யும் பயிற்சி இது. அமெரிக்காவின் முன்னாள் ஜிம்னாஸ்டிக் வீரரான கிரெக் கிளாஸ்மன் இதை உருவாக்கினார். 2007 இல் கலிபோர்னியாவின் ஆரோமஸ் என்ற சிற்றூரில், ஒரு பண்ணையில் முதலாவது போட்டி நடந்தது. வென்றவருக்குக் கிடைத்தது 500 டொலர். பின்னர் அது உலகப் போட்டியாக வளர்ந்தது. ஆண்களில் மெற் பிரேசர் 2016 முதல் 2020 வரையும், பெண்களில் அவுஸ்திரேலியாவின் ரியா கிளெயர் ரூமி 2017 முதல் 2022 வரையும் தொடர்ந்து சம்பியன்களாக இருந்தார்கள்.

'பிரான்' என்ற பயிற்சியைப் பார்த்தால் இதன் தன்மை விளங்கும். தோளில் பாரத்துடன் குந்தி எழும்பி, அதைத் தலைக்கு மேலே தள்ள வேண்டும். இது 21 தடவை. அடுத்து, கம்பியில் தொங்கி நாடி கம்பிக்கு மேலே வரும்வரை உடலை இழுக்க வேண்டும். இதுவும் 21 தடவை. பிறகு இரண்டையும் 15 தடவை, அதன்பின் 9 தடவை. ஆண்களுக்குப் பாரம் சுமார் 43 கிலோ, பெண்களுக்குச் சுமார் 30 கிலோ. எவ்வளவு நேரத்தில் முடிக்கிறீர்கள் என்பதுதான் புள்ளி.

இந்தப் பாரத்தைத் தூக்க முடியாதவர் ஒதுங்கத் தேவையில்லை. பாரத்தைக் குறைக்கலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம், அசைவையே மாற்றலாம். தொங்க முடியாதவர் நிலத்தில் காலூன்றி வளையத்தைப் பிடித்து இழுக்கலாம். ஒரு கை உள்ளவர் ஒற்றைக் கையால் தூக்கும் பாரத்தை எடுக்கலாம். இப்படி மாற்றிக் கொடுப்பதைச் சலுகையாக எவரும் பார்ப்பதில்லை. பயிற்றுநரின் வேலையே அதுதான்.

2011 முதல் 'ஓப்பன்' என்ற தொடக்கச் சுற்றில் எவரும் தமது ஊரிலிருந்தே பங்குபற்றலாம். 2021 இல் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவுகள் அதில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டில் கைப் பாதிப்பு, கால் பாதிப்பு, நரம்பு-தசைப் பாதிப்பு என மூன்று பிரிவினர் இறுதிப் போட்டிக் களத்திலும் இறங்கினார்கள்.

ஆபத்தையும் மறைக்கக்கூடாது. 2014 இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு போட்டியில், கெவின் ஓகர் என்ற வீரரின் முள்ளந்தண்டில் பாரம் மோதி, அவர் இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். பின்னர் அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பயிற்றுநராகத் தொடர்ந்தார். 2024 ஆகஸ்டில் ரெக்சாஸில் நடந்த உலகப் போட்டியில், ஓட்டத்தை அடுத்து வந்த நீச்சலில் சேர்பியாவின் லாசர் டூகிச் ஏரியில் மூழ்கி இறந்தார்.

பழக்கமில்லாத உடலை அளவுக்கு மீறி வருத்தினால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடும் பயிற்சியின் பின் பிளேன்ரீ நிறத்தில் சிறுநீர் போனால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். உடலில் செல் துண்டு உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். செயற்கைக்கால் போடுபவர்கள் பயிற்சி முடிந்ததும் அதைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா எனப் பாருங்கள். புண் இருந்தால் ஆறும்வரை காலைப் பொருத்தாமல் கைப்பயிற்சி மட்டும் செய்யலாம்.

தொடங்குவதற்குக் காசு கொடுத்துக் கூடத்தில் சேரத் தேவையில்லை. அசையாத கதிரையிலிருந்து எழும்பி இருத்தல், சுவரில் கையூன்றித் தண்டால், 5 லீற்றர் தண்ணீர்க் கானைத் தூக்கி இறக்குதல் ஆகிய மூன்றும் போதும். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்து, எடுத்த நேரத்தைத் திகதியுடன் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த கிழமை அந்த நேரத்தோடு போட்டி போடுங்கள்.