ஆறு பேர் சேர வேண்டிய ஆட்டம்

பரீட்சை முடிந்துவிட்டது, அதனால் காஸ்ட் அக்கவுண்டிங்கை மூட்டை கட்டிவிட்டு இன்று கைப்பந்து பற்றி.

ஐஸ்லாந்தில் நெஸ்கொய்ப்ஸ்தாதுர் என்று ஒரு மீன்பிடி ஊர் (ஒரே மூச்சில் சொல்பவர்களுக்கு டீ வாங்கித் தருகிறேன் :-)). மக்கள்தொகை ஏறக்குறைய 1500. அங்கே பல விளையாட்டுகளுக்கும் சேர்த்து த்ரோத்துர் என்று ஒரு கிளப். அதன் பெண்கள் கைப்பந்து அணி பல தடவை தேசிய சாம்பியன். இதைப் படித்ததும், நம் பக்கத்து ஊர்களில் அந்த கிளப்பின் வேலையை யார் செய்தார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

முதல் பதில், டிரில் மாஸ்டர். 1895-ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். கூடைப்பந்து ஆடி மூச்சு வாங்கும் நடுத்தர வயதுக்காரர்களுக்காக! அதே ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. அங்கே படித்து வெளியே வந்தவர்கள் பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியார்களாகப் போனார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டை, பேடு, பெரிய மைதானம் வேண்டும். இதற்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர் இடம், ஒரு நெட், ஒரு பந்து போதும். ஏழைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுப்படியாகிற கணக்கு.

1951-ல் இந்தியக் கைப்பந்து சம்மேளனம் உருவானது. அடுத்த வருடம் முதல் தேசியப் போட்டி நடந்ததே சென்னையில்தான். 1961-ல் அர்ஜுனா விருது தொடங்கிய முதல் வருடமே கைப்பந்துக்காக அதை வாங்கியவர் ஏ.பழனிசாமி. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு வெள்ளி. இன்று நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இரண்டாவது பதில்தான் முக்கியம்: வேலை. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை. அதற்குக் கைப்பந்து டீம் உண்டு. தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தமிழ்நாடு போலீஸ் எல்லாவற்றுக்கும் உண்டு. நன்றாக ஸ்மாஷ் அடிக்கும் கிராமத்துப் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சர்க்கார் சம்பளம் கிடைக்கலாம். பொங்கலுக்கு நடக்கும் மின்னொளிப் போட்டியில் விடியவிடிய உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்கு இது நன்றாகத் தெரியும். யாராவது ஒருவர் கவனித்துவிட்டால் போதும், வாழ்க்கை மாறிவிடும். 2019-ல் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் புரோ வாலிபால் லீக் கோப்பையை ஜெயித்தது. நல்ல விஷயம்தான், ஆனால் லீக் என்பது சில வாரக் கூத்து. ரயில்வே வேலை என்றால் ரிட்டயர் ஆகும்வரை.

இப்போது எங்கள் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஓரகடத்திலும் கார் வந்தது. எங்கள் ஊரில் ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு கிரவுண்டு உண்டு. இரண்டு சவுக்குக் கம்பம், சுண்ணாம்புக் கோடு, ஓட்டை நெட். அங்கே ஆடிய அண்ணன்கள் பெரும்பாலும் கம்பெனிகளில்தான் இருக்கிறார்கள். கேட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒருவர் ஏ ஷிப்ட், இன்னொருவர் பி ஷிப்ட், மூன்றாமவர் சி ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார். அடுத்த வாரம் எல்லாம் மாறிவிடும். கபடிக்கு ஏழு பேர், இதற்கு ஆறு பேர்தான், அந்த ஆறு பேர் ஒரே சாயங்காலத்தில் சேர மாட்டேன் என்கிறார்கள். இவர்களில் பலர் கான்ட்ராக்ட். கான்ட்ராக்டில் இருப்பவரை வைத்து எந்தக் கம்பெனி டீம் கட்டும்? ஐ.சி.எஃப். டீம் கட்டியது ஆட்களை நிரந்தரமாக வைத்திருந்ததால்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம்.

பெரியவர்கள் இன்னும் பழைய 15 பாயின்ட் கணக்கைத்தான் பேசுவார்கள். சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டும்தான் அப்போது பாயின்ட். ஒரு செட் ஒரு மணி நேரம்கூட இழுக்கும். 25 பாயின்ட், ராலிக்கு ராலி பாயின்ட் என்று மாறியது தொண்ணூறுகளின் கடைசியில். "உங்க ஆட்டம் பஸ்ஸைப் பிடிக்கிற ஆட்டம்டா" என்று ஒரு தாத்தா கிண்டலடிப்பார்.

போன ஞாயிறு நான்கு பேர்தான் வந்திருந்தோம். பக்கத்து லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாக்காரர்கள் இருவர் எட்டிப் பார்த்தார்கள். கூப்பிட்டோம். ஒருவருக்கு ஆடத் தெரியவில்லை. இன்னொருவர் போட்ட சர்வீஸை எங்களில் யாராலும் எடுக்க முடியவில்லை. அடுத்த வாரம் அவருக்கு நைட் ஷிப்டாம்.