மாண்டிவீடியோவுக்குப் போன கப்பல்

ஆட்டு ரோமத்தையும் மாட்டிறைச்சியையும் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றிச் செழித்திருந்த உருகுவே என்னும் சிறிய தென் அமெரிக்கக் குடியரசு, 1924-இல் பாரிஸிலும் 1928-இல் ஆம்ஸ்டர்டாமிலும் ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தின் முதற்பரிசைத் தட்டிக்கொண்டு போயிற்று; ஆகையால், தன் அரசியல் சாசனத்தின் நூற்றாண்டை 1930-இல் கொண்டாட நேர்ந்தபோது, உலகத்துக் கோஷ்டிகளை எல்லாம் தன் தலைநகரான மாண்டிவீடியோவுக்கே வரவழைத்து ஆடச் செய்வதைவிடச் சிறந்த உற்சவம் வேறொன்று அந்நாட்டாருக்குத் தோன்றாததில் வியப்பில்லை.

அதற்குச் சமயமும் வாய்த்திருந்தது. பணம் வாங்கி ஆடுவோருக்கு அந்நாளில் ஒலிம்பிக்கில் இடமிருக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் பல தேசங்களில் பெருகிவிட்ட பிறகு, அங்கே வென்றவரை உலகத்திலேயே சிறந்தவர் என்று கொண்டாடுவது பொருத்தமாக இல்லை. 1904-இல் பாரிஸில் ஸ்தாபிதமான ஃபிஃபா சங்கம், ஜூல் ரிமே என்ற பிரெஞ்சுக்காரரின் தலைமையில், எல்லா ஆட்டக்காரரும் கலந்துகொள்ளத்தக்க தனிப் பந்தயம் ஒன்றை நடத்த 1928-இல் தீர்மானித்தது. பிரயாணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்பதோடு புது மைதானமும் கட்டித் தருவதாக உருகுவே முன்வரவே, அடுத்த வருஷம் பார்சிலோனா மகாநாட்டில் அந்தக் கௌரவம் அதற்குக் கிட்டியது.

பந்தயத்தைத் தம் மண்ணில் நடத்த ஆசைப்பட்டுப் பின்வாங்கிய இத்தாலி, ஸ்பெயின், ஹாலந்து, ஸ்வீடன், ஹங்கேரி ஆகிய ஐந்தில் ஒன்றுகூட வரவில்லை. மனத்தாங்கல் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கடலில் போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம், நடுவே ஆட்டங்கள் என்று ஏறக்குறைய இரண்டு மாதம் ஆட்களை விட்டுக்கொடுக்கக் கிளப்புகளும் முதலாளிகளும் இசையாததே பெரிய இடையூறு என்று எனக்குப் படுகிறது. ருமேனியாவில் அரசர் கரோலே தலையிட்டு ஆட்டக்காரர்களுக்கு விடுப்பு வாங்கித் தந்ததாகச் சொல்வார்கள். ஜெனோவாவில் ருமேனியரையும், வில்ஃபிராஞ்சில் பிரெஞ்சுக்காரரையும், பார்சிலோனாவில் பெல்ஜியரையும் ஏற்றிக்கொண்டு ‘கோன்டே வெர்டே’ என்ற இத்தாலியக் கப்பல் தென்திசை நோக்கிப் போயிற்று. மேல்தளத்தில் ஆட்டக்காரர்கள் தேகப்பயிற்சி செய்தார்கள், ரிமேயின் பெட்டிக்குள் ஆபெல் லாஃப்லர் வடித்த வெற்றித் தேவதையின் உருவம் தாங்கிய கோப்பை பயணம் செய்தது. யூகோஸ்லாவியர் வேறு கப்பலில் வந்தனர். எகிப்தியர் கப்பலைத் தவறவிட்டு வராமலே போனார்கள். ஆகக் கூடியவை 13 கோஷ்டிகள்.

மழையினால் கட்டட வேலை தாமதப்பட, ஜூலை 13-ஆம் தேதி முதல் ஆட்டங்கள் சிறு மைதானங்களிலேயே நடந்தன. மெக்ஸிகோவுக்கு எதிராகப் பிரெஞ்சுக்காரர் லூசியன் லோரான் அடித்ததே இப்பந்தயத்தின் முதல் கோல். சாசன தினமான 18-ஆம் தேதிதான் சென்டெனாரியோ மைதானம் திறக்கப்பட்டது.

ஜூலை 30-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் உருகுவேயும் அயலாரான அர்ஜெண்டினாவும் எதிர்நின்றன. இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள ஆற்றின் அக்கரையிலிருந்து படகுகளில் வந்த அர்ஜெண்டினர் பலர் மூடுபனியில் சிக்கித் தாமதித்தனர். வந்து சேர்ந்தவர்களையோ மைதான வாயிலில் ஆயுதம் உண்டா என்று சோதித்தார்கள். பெல்ஜிய மத்தியஸ்தர் லாங்கனஸ் தம் உயிருக்குப் பாதுகாப்பு உறுதி கேட்டுப் பெற்ற பிறகே சம்மதித்தார். அதன்பின் யாருடைய பந்தில் ஆடுவது என்ற வழக்கு மூண்டது. விட்டுக்கொடுக்க இரு தரப்பும் மறுக்கவே, முதற்பாதிக்கு அர்ஜெண்டினாவின் பந்து, பிற்பாதிக்கு உருகுவேயின் பந்து என்று முடிவாயிற்று. தன் பந்தில் ஆடிய பாதியில் 2–1 என முந்திய அர்ஜெண்டினா, மறுபாதியில் மூன்று கோல்களை வாங்கி 4–2 என்று தோற்றது. பந்தின் மகிமையோ, ஊரார் ஆரவாரத்தின் மகிமையோ! கடைசிக் கோலை அடித்த ஹெக்டர் காஸ்ட்ரோ, சிறு வயதில் வலக்கையின் முன்பகுதியை ரம்பத்துக்குப் பறிகொடுத்தவர்.

மறுநாள் உருகுவேயில் அரசாங்க விடுமுறை. அர்ஜெண்டினத் தலைநகர் பியூனஸ் அயர்ஸிலோ உருகுவேயின் துணைத்தூதரகத்தின்மீது கல் விழுந்தது. நான்கு வருஷம் கழித்து இத்தாலியில் இரண்டாவது பந்தயம் கூடியபோது, அழைத்தும் வராதவர்கள் வீட்டுக்கு நாம் போவானேன் என்று உருகுவே வீம்பாக இருந்துவிட்டது. பட்டம் வென்ற நாடு அடுத்த பந்தயத்துக்கு வராமற்போனது இன்றுவரை அந்த ஒரு முறைதான்.