சியனா நகரின் பாலியோ: இடைக்காலத் தொடர்ச்சியும் பேட்டைகளின் பந்தயமும்

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்துச் சியனா நகரில் ஆண்டுதோறும் சூலை 2, ஆகஸ்டு 16 ஆகிய நாள்களில் நடைபெறும் குதிரைப் பந்தயம் பாலியோ எனப்படும். சிப்பி வடிவில் சரிந்து கிடக்கும் காம்போ சதுக்கத்தின் விளிம்பில் மண் கொட்டி இறுக்கி, அதன்மேல் பத்துக் குதிரைகளைச் சேணமின்றி மும்முறை சுற்றி ஓட்டுகின்றனர். பந்தயம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பரிசு, ஓவியம் தீட்டிய பட்டுத்துகில் ஒன்றே. துகிலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே பந்தயத்தின் பெயராயிற்று. சுற்றுலாக் கையேடுகள் இதனை இடைக்காலம் முதல் மாறாது தொடரும் விழா என்று அறிமுகம் செய்கின்றன. அக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடைக்காலச் சியனாவில் குதிரைப் பந்தயம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆகஸ்டு மாதத்தில் மரியன்னை விண்ணேற்புப் பெருவிழாவையொட்டி அது நடைபெற்றது. ஆனால், அது சதுக்கத்தைச் சுற்றி வரும் பந்தயம் அன்று. நகர வீதிகளின் வழியே பேராலயத்தை நோக்கி நீளவாக்கில் ஓடிய பந்தயம். அதில் போட்டியிட்டவர்கள் உயர்குடியினர். வெளிப்பட்டது அவர்தம் செல்வமும் குடிப்பெருமையும். கொன்த்ராதா எனப்படும் நகரப் பேட்டைகளுக்கு அதில் இடமில்லை. பேட்டைகளின் களியாட்டங்கள் வேறாக இருந்தன. 16 ஆம் நூற்றாண்டில் அவை காம்போ சதுக்கத்தில் காளை விளையாட்டுகளை நடத்தின. அவை தடை செய்யப்பட்ட பின்னர் எருமைகள் மீதேறிச் சதுக்கத்தைச் சுற்றின. கழுதைப் பந்தயமும் நடத்தின. இன்றைய பாலியோவின் நேரடி முன்னோடி உயர்குடியினரின் குதிரைப் பந்தயம் அன்று, பேட்டைகளின் எருமைப் பந்தயமே எனக் கூறுவது மிகையாகாது.

இம்மாற்றத்தின் அரசியல் பின்னணி கருதத்தக்கது. நீண்ட முற்றுகைக்குப் பின் 1555 ஏப்பிரலில் சியனா பணிந்தது. சில ஆண்டுகளில் அந்நகரம் தன் பகை நகரான புளோரன்சின் மெதிச்சி ஆட்சிக்கு உட்பட்டது. குடியரசும் அதன் படைக்குழுக்களும் மறைந்தன. பேட்டைகள் அப்படைக்குழுக்களின் நேரடி வழித்தோன்றல்கள் என்னும் வழக்காறு நகரில் வலுவாக உண்டு. எனினும், இரண்டையும் ஒன்றெனக் கொள்வதில் ஆய்வாளரிடையே உடன்பாடில்லை. படையும் ஆட்சியும் இழந்த நகரத்தார் தம் போட்டியுணர்வைச் சதுக்கத்திற்குள் கொண்டுவந்தனர் என்று கருத இடமுண்டு. சூலைப் பந்தயம் புரோவென்சானோ அன்னைக்கு உரியது. அன்னையின் திருவுருவை நோக்கிச் சுட்ட எசுப்பானியப் படைவீரன் தன் துப்பாக்கி வெடித்து மடிந்தான் என்பது மரபுவழிச் செய்தி. அடிமைப்பட்ட காலத்தின் நினைவு இவ்விழாவின் அடியிலேயே பதிந்திருக்கிறது. சூலைப் பந்தயத்தின் ஒழுங்கான தொடர்ச்சி 1656 முதல் கணக்கிடப்படுகிறது. ஆகஸ்டில் பேட்டைகள் சதுக்கத்தைச் சுற்றி ஓடும் வழக்கம் 1701 இல்தான் தொடங்கியது.

இன்றைய வடிவத்தை நிலைநிறுத்தியவை இரண்டு ஆவணங்கள். விபத்துகளையடுத்து 1721 இல் வகுக்கப்பட்ட விதிகள் ஓடும் குதிரைகளைப் பத்தாக வரையறுத்தன. பேட்டைகள் பதினேழு, எனவே, முந்தைய ஆண்டின் அதே பந்தயத்தில் ஓடாத ஏழும், திருவுளச்சீட்டில் தேர்வாகும் மூன்றும் களமிறங்குகின்றன. மெதிச்சி குடும்பத்து மருமகளும் சியனாவின் ஆளுநருமான பவேரியாவின் வியோலாந்தே பெயத்ரீசே 1729 இல் பிறப்பித்த ஆணை பேட்டைகளின் எல்லைகளை வரையறுத்தது. அவ்வெல்லைகளே இன்றும் வழக்கில் உள்ளன. பகைமை பெரிதும் எல்லைப்புறத்தில்தான் கனலும்: நத்தைப் பேட்டைக்கு ஆமைப் பேட்டை பகை, பெண்ஓநாய்க்கு முள்ளம்பன்றி பகை. இன்று உறுப்பினர் பலர் மதிலுக்கு வெளியே குடியிருந்தாலும், குழந்தையைப் பேட்டையின் நீரூற்றில் நீராட்டி உரிமை அளிக்கும் சடங்கு தொடர்கிறது.

பந்தயத்தின் நடைமுறை வேறெங்கும் காணற்கரியது. பேட்டை தன் குதிரையைத் தானே தேர்ந்துகொள்ள இயலாது. பந்தயத்திற்கு மூன்று நாள் முன்னர்ச் சீட்டுக் குலுக்கி அளிக்கப்படும் குதிரையையே ஏற்க வேண்டும். குதிரையோட்டியோ கூலிக்கு அமர்த்தப்படுபவர். விலை போகக் கூடியவர். நல்ல குதிரை கிட்டாத பேட்டையின் முதல் நோக்கம் பகைப்பேட்டையை வெல்லவிடாமல் தடுப்பதாகிவிடும். அதற்காக மறைமுக ஒப்பந்தங்கள் பேசப்படுகின்றன; அவற்றை எவரும் முறைகேடாகக் கருதுவதில்லை. ஒன்பது குதிரைகள் கயிறுகளுக்கிடையே நிற்க, பத்தாவது குதிரை பின்னிருந்து பாயும்போதுதான் பந்தயம் தொடங்கும். அப்பத்தாவது குதிரையோட்டி தான் விரும்பும் நேரம்வரை காத்திருக்கலாம். ஒன்றரை நிமிடப் பந்தயத்திற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் காத்திருப்பது இதனாலேயே. ஓட்டி விழுந்தாலும் குதிரை தனியே ஓடி முதலில் வந்தால் வெற்றிதான். பந்தய நாளில் பேட்டையின் ஆலயத்திற்குள் அழைத்துச் சென்று குருவானவர் வாழ்த்தி அனுப்புவதும் குதிரையையே. ஆலயத்தில் அது சாணமிட்டால் நன்னிமித்தம் என்பர். இரண்டாமிடமோ பெருமையன்று, பேரிழிவு. ஆலன் டண்டிஸ், அலெசாண்ட்ரோ பலாஸி ஆகியோர் 1975 இல் வெளியிட்ட நூல் இச்சடங்குகளை நாட்டார் வழக்காற்றியல் நோக்கில் விரிவாக ஆய்ந்தது. அந்நூலின் உளவியல் விளக்கங்கள் சில இடங்களில் வலிந்து பொருள் கொள்வனவாகத் தோன்றினும், களத்தரவுகள் பயனுடையன.

பந்தயத்திற்கு முன் வரும் அணிவகுப்பின் இடைக்கால உடைகள் பெரிதும் 19, 20 ஆம் நூற்றாண்டுகளின் ஆக்கங்கள். இதனைக் கொண்டு பாலியோ முழுவதையும், ஹாப்ஸ்பாம், ரேஞ்சர் ஆகியோரின் 1983 ஆம் ஆண்டுத் தொகுப்பு வழங்கிய கருத்தாக்கத்தின்படி, ‘புனையப்பட்ட மரபு’ என ஒதுக்குவது பொருந்தாது. உடை புதியது, எல்லைகளும் விதிகளும் மூன்று நூற்றாண்டு ஆவணச் சான்றுடையன. அவை இடைக்காலத்தன அல்ல என்பதே வேறுபாடு.

இவ்வேறுபாடு வெறும் காலக்கணக்குச் சிக்கல் அன்று. குதிரைகளின் காயங்களையும் இறப்புகளையும் சுட்டி விலங்கு நல அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவிக்கும்போது, பழைமையே மறுமொழியாக முன்வைக்கப்படுகிறது. ஆனால், 1721 ஆம் ஆண்டு விதிகளே விபத்துக்குப் பின் செய்யப்பட்ட திருத்தம். அண்மைக் காலத்தில் தூய இனக் குதிரைகள் விலக்கப்பட்டுக் கலப்பினக் குதிரைகள் மட்டும் ஏற்கப்படுகின்றன. கால்நடை மருத்துவச் சோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆபத்து மிகுந்த சான் மார்த்தினோ வளைவின் சுவரில் மெத்தைகள் சார்த்தப்படுகின்றன. இவற்றை ஏற்றபின்னும் பேட்டைகள் அதே பகையுடன்தான் களத்திற்கு வருகின்றன.