புடவை மூட்டையோடு மலையேறியவர்

1915ஆம் ஆண்டு தஞ்சாவூர் வணிகர் சங்கம் ஒன்றின் நிகழ்ச்சிக்காகக் கொழும்புக்கு வந்தபோது கோ. நடேசய்யருக்கு வயது 28. தஞ்சையில் வணிகவியல் கற்பித்தவர், 'வர்த்தகமித்திரன்' இதழை நடத்தியவர். கணக்கும் கொள்முதலும் அறிந்த அந்த இளைஞரைத் தொழிற்சங்கக்காரராக்கியது அந்தப் பயணம்தான்.

கொழும்பில் அன்று இந்தியத் தமிழர் பல படிகளில் வாழ்ந்தனர். செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் கடைக்காரர்கள் இருந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் மூட்டை தூக்குவோரும் வண்டி இழுப்போரும் இருந்தார்கள். இவர்கள் எல்லோரையும்விடப் பெருந்தொகையானோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்தனர். அவர்களைக் கண்ணால் காண்பது எளிதாக இருக்கவில்லை. தோட்டம் தனியார் சொத்து; அதை ஆண்டவர் துரை எனப்பட்ட வெள்ளைக்கார நிர்வாகி. அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல் குற்றம். படித்த இந்தியர் என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

தடையின்றிப் போய்வந்த வெளியாள் ஒருவர் உண்டு: புடவை வியாபாரி. லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளின் பெண்களுக்குச் சேலை வேண்டும், அதைச் சுமந்துவர ஆள் வேண்டும். நடேசய்யர் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு அந்த வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார். துரையின் பங்களாவில் விருந்தாளியாக உட்கார்ந்து அறிக்கை எழுதியவர்கள் பலர். லயத்து வாசலில் விலை பேசும் வியாபாரியாக நின்றவருக்குக் கிடைத்த பார்வை வேறு.

அக்காலத் தோட்ட வாழ்க்கையின் முடிச்சு கடன். ஊரிலிருந்து புறப்படும்போதே, ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையில் ஏறிவிடும். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு அது. புதிய துரை அந்தத் தொகையைக் கட்டினால் கடனும் ஆளும் சேர்ந்து இடம் மாறும். வேலை குறைந்தால் முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி, விழாது; அரைப் பேர்தான். சொல்லாமல் வேலையை விட்டால் சிறைக்கும் அனுப்பலாம். கணக்கு கற்பித்த ஒருவருக்கு, எவ்வளவு உழைத்தாலும் தீராத இந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று விளங்காமல் இருந்திருக்காது.

தாம் கண்டதை அவர் துண்டுப்பிரசுரமாக எழுதி வெளியிட்டார். துண்டு முறை 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதை அவர் ஒருவரின் வெற்றியாகச் சொல்வது மிகை. 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்த பொன்னம்பலம் அருணாசலத்தின் உழைப்பும் இந்திய அரசின் நெருக்குதலும் அதற்குள் இருக்கின்றன.

இடையில் ஊர் போயிருந்த நடேசய்யர் 1920இல் கொழும்புக்குத் திரும்பி 'தேசநேசன்' இதழின் ஆசிரியரானார். 1924இல் 'தேசபக்தன்' தொடங்கினார். தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவின் இலங்கைத் தொழிற்சங்கத்தில் துணைத்தலைவராக இருந்தார். அச்சங்கம் நடத்திய 1927ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தத்தில் சிங்களவரும் தமிழரும் ஒன்றாக நின்றனர். சட்ட நிரூபண சபையின் இந்தியர் ஆசனம் அவருக்கு 1925இல் கிடைத்தது. சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்கே வாக்கு இருந்த காலம் அது. கடைக்காரர் வாக்கில் சபைக்குப் போனவர், வாக்கே இல்லாத தோட்டத்தாருக்காகப் பேசினார்.

குணசிங்காவுடனான உறவு 1928 அளவில் முறிந்தது. பொருளாதார மந்தம் முற்றியபோது குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரி இளைஞர்கள் நடத்திய வேலைநிறுத்தத்திலும் அவர் எதிர்ப்பக்கமே நின்றார்.

நடேசய்யரோ கொழும்பை விட்டு மலையகத்தையே களமாக்கிக்கொண்டார். 1931இல் அட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். எழுத்தறியாதவர்கள் நிறைந்த கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளில் தாமே கட்டிய பாட்டுகளைப் பாடினார். பேச்சைவிடப் பாட்டு லயங்களில் அதிக நாள் நின்றிருக்கும். 1936இல் அட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. சர்வசன வாக்குரிமை வந்துவிட்டதால் இம்முறை தோட்டத்தாரும் வாக்களித்தனர்.

அவர் 1947 நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அந்த லயங்களில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.