கூடுவாய் முதல் கணினி வரை

ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையே, பாலாற்றங்கரையில் உள்ள மாதனூர் என் ஊர். ஓட்டு வீடுகளுக்கு நடுவே வளர்ந்து, சிவில் படித்தவன் நான். ஆகவே நம் மலருக்குக் கூரையின் கதை ஒன்றையே எழுதுகிறேன்.

இரண்டு கூரைச் சரிவுகள் கூடுகிற பள்ளமான மூலையை நம் தச்சர்கள் 'கூடுவாய்' என்பார்கள். பெரிய கூரையின் சரிவில், தனக்கென ஒரு சின்னக் கூரையோடு எழும்பி நிற்கும் ஜன்னலுக்கு 'டார்மர்' என்று பெயர். தூங்குவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கூரைக்கு அடியிலிருந்த படுக்கையறைக்கு வெளிச்சம் தந்த ஜன்னல் அது. அதன் இருபுறமும் கூடுவாய்தான். மழைத் தண்ணீர் அங்கேதான் சேர்ந்து ஓடும். அங்கே பிசகினால் வீடு ஒழுகும்.

சிக்கல் என்னவென்றால், கூடுவாய் மரத்தின் உண்மை நீளம் பிளானில் தெரியாது. இரண்டு கூரைக்கும் 30 டிகிரி சரிவு, டார்மரின் அகலம் 6 அடி என்று வையுங்கள். பிளானில் கூடுவாய் 4.24 அடிதான். நிஜத்தில் 4.58 அடி. எங்க ஊர் மேஸ்திரி ஒருவர் சொல்வார்: "தம்பி, பேப்பர்ல அளந்து அறுத்தா மரம் நாலு அங்குலம் குட்டையாப் போயிடும். மேல ஏறி நூல் புடிச்சுப் பாரு!"

அந்த நூல் கணக்கைக் காகிதத்தில் போட வழி வகுத்தவர் பிரான்சின் காஸ்பார் மோன்ழ். 1795-ல் பாரிசில் அவர் நடத்திய வகுப்புகள் 1799-ல் நூலாக வந்தன. டிராயிங் ஹாலில் செட்-ஸ்கொயரோடு நாம் உண்மை நீளம் கண்டதெல்லாம் அவர் போட்ட பாதைதான்.

அப்புறம் கணினி வந்தது. ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் 1984-ல் ஆர்க்கிகேடின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தது. 2000-ல் ரெவிட் வந்தது. 2002-ல் அதை ஆட்டோடெஸ்க் வாங்கியது. ரெவிட்டில் டார்மர் கூரையின் பின் விளிம்பைத் தொட்டு, பெரிய கூரையின் சரிவைத் தொட்டால், சின்னக் கூரை நீண்டுபோய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கீழே பெரிய கூரை மூடியே கிடக்கும்! அதைத் திறக்க 'டார்மர் திறப்பு' என்று தனிக் கட்டளை உண்டு. மறந்தால், வெளியே அழகான ஜன்னல், உள்ளே இருட்டு.

இன்றைய மாணவர்களே, திரையில் கூடுவாய் ஒரு கோடு. கூரையில் அது ஓடுகிற தண்ணீர். ஓட்டுக்கு அடியில் தகரம் போடுவதும், அதன் ஓரத்தை மடிப்பதும் அந்த இணைப்புக் கட்டளைக்குள் இல்லை. அதற்கு ஒருநாள் மேஸ்திரியோடு கூரை ஏறித்தான் ஆக வேண்டும்.