பிறந்த தேதியும் வயதுக் கணக்கும்

திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனுக்குப் பிறந்த தேதிகள் இரண்டு. ஆவணங்களில் உள்ளது 1888 செப்டம்பர் 5. அவர் குடியரசுத் தலைவரான 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுவது அந்த நாள்தான். ஆனால் 1887 செப்டம்பர் 20 என்பதே சரியாக இருக்கும் என்று அவரே கருதியதாக, அவருடைய மகனும் வரலாற்றாசிரியருமான சர்வபள்ளி கோபால் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

இரண்டு தேதிகளுக்கும் இடையே 351 நாட்கள். அவர் மறைந்தது 1975 ஏப்ரல் 17. முதல் தேதிப்படி அன்று அவருக்கு 86 ஆண்டு, 7 மாதம், 12 நாள். மற்றதன்படி 87 ஆண்டு, 6 மாதம், 28 நாள். கிழமையும் மாறும்: 1888இல் புதன், 1887இல் செவ்வாய். தமிழ் ஆண்டும் சர்வதாரிக்குப் பதில் சர்வசித்து ஆகிவிடும்.

மாணவர்கள் கிழமை பார்க்க ஒரு எளிய வழி உண்டு. சாதாரண ஆண்டில் 365 நாள். 52 வாரம் போக மீதி ஒன்று. ஆகவே அதே தேதி அடுத்த ஆண்டு ஒரு கிழமை தள்ளி வரும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். நூற்றாண்டு ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டுகள். 1900 லீப் ஆண்டு அல்ல. இதை மறந்து கணக்கைத் தவறவிடும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட குழப்பம் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. 1886ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் விரும்பியவர்கள் பதிந்துகொள்ளலாம் என்ற அளவில்தான் இருந்தது. சென்னை மாகாணத்துக்குத் தனிச் சட்டம் 1899இல் வந்தது. மக்கள் மாதத்தையும் நட்சத்திரத்தையும் நினைவில் வைத்திருப்பார்கள், ஆண்டுதான் சிக்கல். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் பெயர் மட்டும் போதாது. ஆகவே ஊரறிந்த நிகழ்ச்சி ஒன்றைத் துணைக்கு அழைத்தார்கள். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னா, பின்னா என்று கேட்டே பலருடைய வயது நிர்ணயிக்கப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 30, 35, 40 என்று முழு எண்களாகவே வயதைச் சொன்னார்கள். இந்தக் குவியலை அளப்பதற்கென்றே விப்பிள் குறியீடு என்ற கணக்கு முறை இருக்கிறது.

பள்ளிக்கூடம் இதற்குத் தன் வழியில் தீர்வு கண்டது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று பொருள். பள்ளி திறப்பது ஜூனில். பிறந்த தேதியும் ஜூனில் ஒரு நாளாகப் பதிவேட்டில் ஏறிவிடும். என் தலைமுறையில் ஜூன் மாதப் 'பிறந்தவர்கள்' அதிகம். உறவினர் ஒருவர் அப்படி எழுதப்பட்ட தேதியால் ஓராண்டு முன்பே ஓய்வு பெற்றார். அரசுப் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் திருத்தம் கேட்க வேண்டும் என்ற விதி அவருக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வந்தபின் இதன் அருமை எங்கள் பகுதியில் வேறு விதமாகத் தெரிந்தது. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஏழு வயதுக் குழந்தை ஆலையில் வேலை செய்யலாம். 1891இல் அது ஒன்பதாகவும், 1922இல் பன்னிரண்டாகவும், 1948இல் பதினான்காகவும் உயர்ந்தது. இன்று அபாயகரமான தொழில்களில் பதினெட்டு நிறையாதவர்களைச் சேர்க்கக் கூடாது. பிளஸ் டூ முடித்த என் மாணவன் ஒருவனை ஓர் ஆலை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவன் பிறந்தது ஐப்பசியில். பள்ளியில் எழுதியிருந்ததோ அடுத்து வந்த ஜூன். ஏழு மாத வித்தியாசம். ஆலையின் மீது தவறில்லை, சட்டம் அவனைப் போன்றவர்களைக் காக்கத்தான் வந்தது. பிறப்புப் பதிவேட்டின் நகல் எடுத்துச் சான்றிதழைத் திருத்தி முடிக்கும்வரை அவன் செங்கல் சூளையில் கூலிக்குப் போனான்.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதன்பின் கட்டணத்துடன் பதினைந்து ஆண்டு வரை சேர்க்கலாம். 2023இல் திருத்தம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே தேதிக்கு ஆதாரம். அந்தக் குழந்தைகள் முதல் வகுப்பில் சேர வரும்போது காதைத் தொட்டுக் காட்ட வேண்டியிராது.