புல்மன் நகரத்து வாடகை

புகையிரதத் துயிற்பெட்டிகளால் பெருஞ்செல்வரான ஜோர்ஜ் புல்மன், 1880ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சிக்காகோ நகருக்குத் தெற்கே தம் பெயரால் ஒரு நகரத்தை எழுப்பத் தொடங்கினார். செங்கல் வீடுகளும் குழாய்நீரும் பூங்காவும் கண்டு வியந்தோர் அதனை இலட்சிய நகரமெனப் போற்றினர். ஆனால் அங்கே ஒரு சாண் நிலத்தையேனும் தொழிலாளி தனதென்று சொல்ல முடியாது. வீடும் தெருவும் கம்பனிக்குரியவை. நூலகத்துக்குக் கட்டணம்; தேவாலயத்துக்குங்கூட வாடகை! அவ்வாடகையைக் கொடுக்க எச்சபையும் முன்வராமையால் ஆலயம் சில ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தது.

1893இல் பொருளாதார நெருக்கடி வந்தது. கம்பனி கூலியைச் சராசரி நாலிலொரு பங்கு குறைத்தது. வாடகையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. கூலி வேறு, வாடகை வேறு, இரண்டையும் இணைத்துப் பேசலாகாது என்பது புல்மனின் வாதம். கொடுக்கும் கையும் பறிக்கும் கையும் ஒரே உடம்பிலிருந்ததைத் தொழிலாளர் அறியாரா? 1894 ஜூலையில் முடிந்த ஆண்டில் பங்குதாரர் பெற்ற இலாபம் 28 லட்சத்து 80 ஆயிரம் டொலர். முந்திய ஆண்டினும் அதிகம். கூலித்தொகையோ 72 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 45 லட்சமாக வீழ்ந்தது. அரசாங்கம் பின்னர் நியமித்த ஆணைக்குழுவின் கணக்கு இது.

முறையிடச் சென்ற குழுவினர் மூவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டனர். 1894 மே 11ஆம் நாள் வேலைநிறுத்தம் வெடித்தது. யூஜின் டெப்ஸ் தலைமையில் முந்திய ஆண்டுதான் உருவான அமெரிக்க றெயில்வே சங்கம், ஜூன் 26 முதல் புல்மன் பெட்டிகள் பூட்டிய வண்டிகளை ஓட்ட மறுத்தது. சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு வெளியேறினர்.

அரசு எவர் பக்கம் நின்றது? சட்டமா அதிபர் ஒல்னி றெயில்வே கம்பனிகளின் முன்னாள் வழக்கறிஞர். பெருமுதலாளிகளின் ஏகபோகக் கூட்டுகளை அடக்கவென 1890இல் இயற்றிய ஷேர்மன் சட்டமே தொழிலாளர் சங்கத்துக்கெதிரான தடையுத்தரவுக்குக் கருவியாயிற்று. மாநில ஆளுநர் கண்டித்தும், ஜூலை 4ஆம் நாள், சுதந்திர தினத்தன்று, சனாதிபதி கிளீவ்லண்டின் படைகள் சிக்காகோவில் இறங்கின. தொழிலாளர் தினத்தைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டத்தில் அதே சனாதிபதி ஒப்பமிட்டது முந்திய வாரந்தான்! டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை, சங்கம் சிதறியது.

இத்தோல்விக்குத் துப்பாக்கியை மட்டும் காரணங்காட்டுவது நமக்கு ஒப்பவில்லை. அத்துயிற்பெட்டிகளில் படுக்கை விரித்துப் பயணிகளுக்குப் பணிசெய்தோர் கறுப்பின மக்கள். முன்னாள் அடிமைகளும் அவர்தம் பிள்ளைகளும். புல்மன் பெட்டிகளைப் பகிஷ்கரித்த சங்கம் அப்பெட்டிகளிலேயே உழைத்த இவர்களை உறுப்பினராக ஏற்கவில்லை. கதவைத் திறக்குமாறு 1894 ஜூன் மாநாட்டில் டெப்ஸ் வாதாடினார். சொற்ப வாக்குகளால் அது மறுக்கப்பட்டது. அவ்வாறு வாக்களித்தோரும் உழைப்பாளிகளே, கம்பனியின் கைக்கூலிகளல்லர். முதலாளியை எதிர்க்கத் துணிந்தோர்க்கு நிறவெறியை உதறத் துணிவு வரவில்லை.

1898இல் அந்நகரத்தை விற்றுவிடுமாறு இலினோய் உயர்நீதிமன்றம் கம்பனிக்கு ஆணையிட்டது. புல்மன் அதற்கு முந்திய ஆண்டே மறைந்திருந்தார். வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பினப் பணியாளரோ 1925இல் பிலிப் றன்டொல்ஃப் தலைமையில் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். பன்னிரண்டாண்டுப் போராட்டத்தின் பின், 1937இல், புல்மன் கம்பனி அவர்களுடன் ஒரே மேசையிலமர்ந்து உடன்படிக்கையில் ஒப்பமிட்டது.